கக்கத்துக் கறுப்பும் லேசர் வெளிச்சமும்

இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கக் கூச்சமாக இருந்தால் மனதுக்குள் வாசியுங்கள். கக்கத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். புத்தகத்தில் அக்குள் என்று எழுதுவார்கள். நான் பிறந்த காரைநகரில் கமக்கட்டு என்போம். தோட்டத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மா "கக்கத்துல கட்டி மிஸ்ஸி" என்று சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. அவர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. பெயர் எதுவானால் என்ன, அந்த இடம் கறுத்துப்போனால் காரைநகர்ப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் வருகிற வெட்கம் ஒன்றுதான்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கொழும்பிலே கடை வேலைக்கும் கார்மன்ட் வேலைக்கும் போய், தீபாவளி லீவில் வந்த பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மிஸ்ஸி, லேசர் புடிச்சா கக்கம் வெள்ளையாயிருமாமே, நெசமா?" அதில் ஒருத்தி அதற்கென்றே இரண்டு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அதனால் என் அக்காவின் மகளுக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

காரைநகர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று. பொன்னாலையிலிருந்து கடலுக்கு நடுவே போடப்பட்ட பாதையால் பஸ்ஸில் போகலாம். காரை என்ற முட்பற்றை நிறைய இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். உங்கள் டவுன்களில் காரைநகர் முதலாளிமாரின் கடையில் அரிசி பருப்பு வாங்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு வெளிநாட்டில் ஆள் உண்டு. என் அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முற்றானதும் கனடாவில் இருக்கும் அவளுடைய மாமி கூறைச் சேலையோடு கை இல்லாத சட்டை ஒன்றும் தைத்து அனுப்பினார். அதைப் போட்டுப் பார்த்த அன்றுதான் பிள்ளைக்குக் கவலை பிடித்தது. அவளுக்கு அப்போது வயது 24.

யாருக்கும் சொல்லாமல் ஒரு டவுனில் இருந்த அழகு நிலையத்துக்குப் போயிருக்கிறாள். எந்த டவுன், எந்த நிலையம் என்பது நமக்கு வேண்டாம். பத்து முறை வர வேண்டும், காசை முதலிலேயே கட்டினால் கழிவு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் சுள்ளென்று இருந்ததாம். இரண்டாம் முறை சூட்டைக் கூட்டினார்கள். மயிர் கருகின மணம் வந்தது. மறுநாள் கொப்புளம். அது உடைந்து காய்ந்தபோது, மெசினின் வாய் எந்த அளவோ அந்த அளவில், சீட்டுக்கட்டை வரிசையாக ஒட்டி வைத்தது மாதிரி நீள்சதுரமாகக் கறுப்புத் தழும்பு. முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு கறுப்பு.

"சின்னம்மா, கையைத் தூக்க ஏலாமல் கிடக்கு."

"எங்கை, காட்டு பிள்ளை. என்ன செய்து வச்சிருக்கிறாய்?"

"லேசர் எண்டுதானே சொன்னவை. வெளிநாட்டு மெசின் எண்டும் சொன்னவை."

அந்த நேரம் நான் அவளை ஏசிவிட்டேன். ஏசியிருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு யாரும் விபரம் சொல்லவில்லை, நானும்தான் சொல்லவில்லை. நாற்பது பேர் கூடிய கிளினிக்கில் பால் கொடுப்பதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், பூச்சி மருந்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இதை ஒருநாளும் பேசியதில்லை.

கறுப்பு எங்கே இருக்கிறது?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற சாயம். தோலின் மேல்படையின் அடியிலே அதைச் செய்கிற கலங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இந்தக் கலங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. நம்முடைய கலங்கள் சாயத்தைக் கூடுதலாகவும் பெரிய பெரிய மணிகளாகவும் செய்கின்றன, அவ்வளவுதான். வெயிலிலிருந்து தோலைக் காப்பதற்கு உடம்பு பிடித்துக்கொண்ட குடை அது.

இந்தக் கலங்களுக்கு ஒரு குணம் உண்டு. தோலுக்கு என்ன தொந்தரவு வந்தாலும் அவை கூடுதலாகச் சாயம் விடும். அட்டை கடித்த இடம் ஆறின பிறகும் மாசக்கணக்காகக் கறுத்துக் கிடக்கிறதை உங்கள் காலிலேயே பார்க்கலாம். எங்கள் ஊரில் காரை முள் கீறின இடமும் அப்படித்தான். சிவந்த தோல்காரருக்கு அந்த இடம் சிவந்து மறையும். நமக்குக் கறுத்து மறையும், அதுவும் மெதுவாக. சில நேரம் சாயம் அடிப்படைத் தோலுக்குள்ளே சிந்திவிடும். அப்போது அது போக வருஷமும் ஆகலாம்.

கக்கத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். இரண்டு தோல் ஒன்றோடு ஒன்று உராய்கிற இடம். வியர்வை காயாத இடம். காலைப் பெரட்டு முடிந்து மலைக்குப் போனால் பின்நேரம் கொழுந்து நிறுக்கும்வரை இரண்டு கையும் ஓயாமல் அசைகிறது. இறுக்கமான நைலோன் சட்டை அரைக்கிறது. அதோடு காய்ந்த தோலில் பிளேட் போட்டு வழிக்கிறது, மயிரைப் பிடுங்குகிறது, வாசனை ஸ்பிரே அடிக்கிறது, எலுமிச்சங்காயில் அப்பச்சோடாவைப் போட்டுத் தேய்க்கிறது. இத்தனையும் அந்தக் கலங்களைச் சீண்டுகிற வேலை. அப்புறம் "தேச்சுத் தேச்சுக் குளிக்கிறேன் மிஸ்ஸி, போகமாட்டேங்குது" என்று வருவார்கள். பீர்க்கு நாரால் தேய்க்கத் தேய்க்கத்தான் அது கறுக்கிறது. இது அழுக்கில்லை. கறுத்த உடம்புக்காரருக்குக் கக்கமும் தொடை இடுக்கும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருப்பது இயற்கை. அதற்கு வைத்தியமே தேவையில்லை.

லேசர் என்ன செய்கிறது?

வெயில் வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கும். லேசர் என்பது ஒரே நிறம் மட்டும் உள்ள, சிதறாமல் ஒரே திசையில் போகிற பலமான வெளிச்சம். 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரைச் செய்தார். அடுத்த சில வருஷத்திலேயே லியோன் கோல்ட்மன் என்ற தோல் வைத்தியர் அதைத் தோலில் பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் எந்த நோய்க்கு எந்த லேசர் என்ற கணக்கு 1983இல்தான் தெளிவானது. பொஸ்டனில் அன்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு வைத்தியர்கள் அந்த விதியை எழுதினார்கள். அதை நம்ம பாஷையில் சொல்கிறேன்.

லயத்து முற்றத்தில் கறுப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கறுப்புத்தான் கூடச் சுடும். கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துச் சூடாகும். லேசரும் அப்படித்தான், கறுப்பான பொருளைத் தேடிப் போய்ச் சூடாக்கும். சரியான நிறத்து வெளிச்சத்தை, சரியான அளவு நேரம் மட்டும் விட்டால், அந்தக் கறுப்புப் பொருள் மட்டும் சிதறும், பக்கத்துத் தோல் தப்பிக்கும். நேரம் நீண்டால் சூடு பக்கத்துக்குப் பரவிவிடும். இஸ்திரிப் பெட்டியைச் சட்டென்று இழுத்தால் சேலைக்கு ஒன்றும் ஆகாது, வைத்துக்கொண்டே பேசினால் ஓட்டை விழும். அதே கதைதான்.

வெள்ளைத் தோலில் கறுத்த மயிர் இருந்தால் வேலை சுலபம். வெளிச்சம் தோலைத் தாண்டி மயிருக்குப் போய்விடும். நம்முடைய தோலில் மயிரும் கறுப்பு, தோலும் கறுப்பு. எதைச் சுட வேண்டும், எதை விட வேண்டும் என்று வெளிச்சத்துக்குத் தெரியாது. தோலில் இருக்கிற மெலனினே முதலில் குடித்துவிடும், குடித்துச் சூடாகி வெந்துபோகும். என் அக்கா மகளுக்கு நடந்தது இதுதான்.

வெளிச்சத்துக்கு அலைநீளம் என்று ஒரு அளவு உண்டு, நனோமீற்றரில் சொல்வார்கள். மைமனின் மாணிக்க லேசர் 694. மயிர் எடுக்கும் ஒரு லேசர் 755. என்டி-யாக் என்ற லேசர் 1064. அலைநீளம் கூடக்கூட மெலனின் அதைக் குடிப்பது குறையும், வெளிச்சம் ஆழத்துக்குப் போகும். ஆகவே கறுத்த தோலுக்குக் கைகொடுக்கக்கூடியது பெரும்பாலும் அந்த 1064தான். அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே ஆபத்து, கண்ணுக்குள் பட்டது தெரியாமலே பார்வை போகலாம். அதனால் பிடிப்பவரும் படுத்திருப்பவரும் அதற்கென்று உள்ள கண்ணாடி போட வேண்டும். அக்கா மகளுக்குக் கண்ணாடி கொடுக்கவில்லையாம், கண்ணை மூடிக்கொள் என்றார்களாம்.

அதே 1064இலும் இரண்டு விதம் இருக்கிறது. மயிர் வேரைச் சுடுகிற மெசின் ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற துண்டுகளில் சில துண்டு நேரம் வெளிச்சம் விடும். சாய மணியை உடைக்கிற மெசின், ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் வருகிற துண்டுகளில் ஐந்தோ பத்தோ துண்டு நேரம்தான் விடும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. அழகு நிலையங்களில் பல இடங்களில் இருப்பது இந்த இரண்டும் இல்லை. ஐ.பி.எல். என்று ஒன்று, கமரா ஃப்ளாஷ் மாதிரி பல நிறம் கலந்த வெளிச்சம் அடிக்கிற விளக்கு. அது லேசரே இல்லை. வெள்ளைத் தோலுக்குச் சரியான சூட்டை வைத்து நம் கக்கத்தில் அடித்தால் சீட்டுக்கட்டுத் தழும்புதான் மிச்சம். பெரியாஸ்பத்திரித் தோல் வைத்தியர் அந்த நீள்சதுரங்களைப் பார்த்த உடனேயே "இது ஃப்ளாஷ் விளக்கு" என்று சொல்லிவிட்டார்.

இடையில் ஒன்று. தோலை ஒன்று, இரண்டு என்று வகை பிரித்து வெளிச்ச வைத்தியத்தின் அளவைத் தீர்மானிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிட்ஸ்பட்ரிக் என்ற பேராசிரியர் 1975இல் போட்டது. முதலில் அதில் நான்கு வகைதான், எல்லாம் வெள்ளைத் தோல். மண்ணிறத் தோலும் கறுத்த தோலும் ஐந்தாவது, ஆறாவது வகையாகப் பிறகுதான் சேர்க்கப்பட்டன. அதே 1975இல்தான் இந்தியாவில் ஃபெயார் அன்ட் லவ்லி கிறீம் விற்பனைக்கு வந்தது. 2020இல் அதற்குப் பெயரை மாற்றினார்கள். கிறீம் விற்கும்போது நம்மை முதலில் நினைக்கிறார்கள், வைத்தியக் கணக்குப் போடும்போது கடைசியில் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, லேசரால் கக்கத்துக் கறுப்பு குறையவே குறையாதா என்றால், குறையலாம். 2004இல் ஒரு தோல் வைத்தியச் சஞ்சிகையில் ஒரு நோயாளியின் விபரம் வந்தது. கக்கம் தடித்துக் கறுத்திருந்த அவருக்கு 755 லேசரை ஏழு முறை பிடித்ததில் கறுப்பு முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. ஆனால் அது ஒரே ஒரு ஆள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் சிறியவைதான். நல்ல கையில், சரியான மெசினில், குறைந்த சூட்டில், பல முறை பிடித்தால் ஓரளவு வெளுக்கும். காரணம் நின்றிருக்காவிட்டால் திரும்பவும் கறுக்கும். குறைந்த சூட்டிலும்கூட அடிக்கடி பிடித்தால் அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழுவது உண்டு, அது கறுப்பைவிட மோசமாகத் தெரியும். ஒரு வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு விதத்தில் நன்மை இருக்கிறது. வழித்து வழித்தே தோல் புண்ணாகிக் கறுத்தவர்களுக்கு, மயிர் எடுக்கும் 1064 லேசரால் மயிர் குறைந்தால், பிளேட் போடுகிற தொல்லை குறையும், அதனால் கறுப்பும் மெல்லக் குறையலாம்.

போவதென்று முடிவு செய்தால் முதலில் கேட்க வேண்டியது, பிடிக்கப் போகிறவர் தோல் வைத்தியரா அல்லது அவருடைய மேற்பார்வையில் உள்ளவரா என்பது. மெசினின் பெயரையும் அலைநீளத்தையும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவர் கையில் கக்கத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு சிறிய இடத்தில் மட்டும் பிடித்துவிட்டு, சில கிழமை காத்திருந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். நம் தோலில் கறுப்பு உடனே வராது, இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு எட்டிப் பார்க்கும். காசை மொத்தமாக முதலில் கட்டச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

வைத்தியர் கழுத்தைப் பார்த்தார்

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அவளை நான்தான் கூட்டிப் போனேன். காரைநகரிலிருந்து விடிய முதல் பஸ். புண்ணுக்குக் களிம்பு எழுதினார் வைத்தியர், இன்னும் சில மாதத்துக்கு வேறு எதையும் பூசாதே, வழிக்காதே என்றார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழும்பி வந்து அவளுடைய பின்னலைத் தூக்கிக் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். தோல் தடித்து, மெத்தென்று, வெல்வெட் துணி மாதிரி இருந்தது. மாதம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருக்கால். தாடையில் மயிர்? இருக்கிறது, பிடுங்குகிறாள். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? இருக்கிறது.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சீனி 118. நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். 126ஐத் தொட்டால் சீனி வருத்தம். இவள் நடுவிலே நிற்கிறாள்.

அக்காவும் நானும் அந்தக் கழுத்தை எத்தனை முறை பார்த்திருப்போம்! "கழுத்தைத் தேய்ச்சுக் குளி பிள்ளை, ஊத்தை" என்று சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறோம். தோட்டத்திலும் பிள்ளை மடுவத்து வாசலில் தாய்மார் பெரிய பிள்ளைகளின் கழுத்தைப் பிடித்து உரசுவதைப் பார்க்கிறேன். அது ஊத்தை இல்லை. சீனியை உள்ளே அனுப்புகிற இன்சுலின் என்ற சுரப்புக்கு உடம்பு சரியாகப் பதில் சொல்லாவிட்டால், உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினை விடும். கூடிப்போன இன்சுலின் தோல் கலங்களை வளர்க்கும். கழுத்திலும் கக்கத்திலும் தோல் தடித்துக் கறுக்கும். சீனி வருத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தியே உடம்பு எழுதி அனுப்புகிற கடிதம் இது. பெண்பிள்ளைகளுக்குச் சூல்பையில் கட்டிகள் வருகிற கோளாறும் இதோடு சேர்ந்து வரும். மாதம் தவறுவது அதனால்தான்.

இந்தக் கடிதத்தை லேசரால் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல மெசினாகவே இருந்து, கக்கம் வெளுத்தே போயிருந்தாலும், உள்ளே சீனி ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். பிள்ளை வயிற்றில் வந்த பிறகு தெரிந்திருக்கும், அல்லது கண் மங்கின பிறகு.

சீனி வருத்தம் தொரைமாருக்கும் டவுன்காரருக்கும் வருகிற நோய் என்று நினைக்க வேண்டாம். வடக்கு கிழக்கு நீங்கலாக இலங்கை முழுவதும் 2005-2006இல் பார்த்த ஒரு ஆய்வில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தமோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. மலை ஏறி இறங்குகிறவருக்கு வராது என்பதும் சரியில்லை. காலையில் கோதுமைமா ரொட்டி, பகலுக்கும் ரொட்டி, நான்கு வேளை சீனி போட்ட தேத்தண்ணி என்றால் மலை மட்டும் காப்பாற்றாது. நம் ஆட்களுக்கு மெலிந்த உடம்பிலும் இது வரும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90உம் தாண்டினால் யோசிக்க வேண்டும் என்பது நம் பகுதி மக்களுக்கென்று வைத்த அளவு. தையல்கார அக்காவிடம் டேப் இருக்கும், கேட்டு அளந்து பாருங்கள்.

35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கும் கிளினிக் இருக்கிறது. கழுத்தும் கக்கமும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்தவர்கள் 35 வரைக்கும் காத்திருக்க வேண்டாம். டிஸ்பென்சரியில் காட்டிக் கடிதம் வாங்குங்கள். அதற்கு ஒரு பேர் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதிகாலையில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து மலைக்குப் போக விடுங்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் ஒருத்தியாகக் கேட்பதைவிட நாலு பேராகக் கேட்டால் நடக்கிறது, நடந்திருக்கிறது. வயது போனவருக்கு, அதுவும் மெலிந்துகொண்டே வருகிறவருக்கு, இந்தக் கறுப்பு திடீரென்று வந்து வேகமாகப் பரவினால் அது வேறு. வயிற்றுக்குள் புற்றுநோய் இருப்பதன் அடையாளமாகவும் அபூர்வமாக வரும், தாமதிக்கக் கூடாது.

பெயரில்லாத கிறீம்

லேசருக்குக் காசில்லாதவர்கள் எடுப்பது கிறீம். நம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு பிள்ளை, மெலிந்தவள், சீனி ஒன்றும் இல்லை, பிளேட் போட்டுப் போட்டுக் கறுத்த கக்கம். டவுன் ஃபேன்சி கடையில் லேபல் இல்லாத சின்ன டப்பா வாங்கிப் பூசினாள். முதல் இரண்டு கிழமை வெளுத்தது. நாலு பேருக்குச் சொல்லி அவர்களும் வாங்கினார்கள். மூன்றாம் மாதம் தோல் கடதாசி மாதிரி மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுகிற கோடு மாதிரிக் கோடுகள் விழுந்தன. அந்தக் கோடு இனிப் போகாது.

இப்படிச் செய்வது ஸ்டீரொயிட் மருந்து. சொறிக்கும் கரப்பனுக்கும் வைத்தியர் சில நாளுக்கு எழுதுகிற நல்ல மருந்துதான். ஆனால் கக்கம் மூடிக் கிடக்கிற ஈரமான இடம், கையில் பூசினால் போவதைவிடப் பல மடங்கு உள்ளே போகும். இன்னும் சில கிறீம்களில் பாதரசம் போடுகிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், தாயின் தோலிலிருந்து பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. பாதரசம் போட்ட அழகுக் கிறீம் எதுவுமே 2025க்குப் பிறகு செய்யவோ, ஏற்றுமதி இறக்குமதி பண்ணவோ கூடாது என்று 2023இல் நாடுகள் கூடி முடிவெடுத்தன. முடிவெடுத்தது ஜெனீவாவில். ஃபேன்சி கடை டப்பாவுக்கு அது தெரியாது.

ஹைட்ரோகுவினோன் என்று ஒன்று, சாயம் செய்வதைத் தடுக்கும். வைத்தியர் கணக்குப் பார்த்துச் சில மாதம் மட்டும் தருவார். கண்டபடி வருஷக்கணக்காகப் பூசிய தென்னாபிரிக்கப் பெண்களின் முகம் நீலக் கறுப்பாக மாறியதை வைத்தியர்கள் எழுதியதும், பாருங்கள், அதே 1975இல்தான்.

அந்தக் கொழுந்துப் பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். டப்பாவை நிறுத்து. பிளேட்டை விட்டுக் கத்தரிக்கோலால் கட்டையாக வெட்டு. வழிக்கத்தான் வேண்டுமென்றால் சவர்க்கார நுரையில், மயிர் போகிற திசையிலே, புது பிளேட்டால் வழி. ஸ்பிரேயைக் கொஞ்ச நாள் மற. தளர்ந்த பருத்திச் சட்டை போடு, மலையால் வந்து கழுவித் துடைத்துக் காயவிடு. இதிலேயே ஆறேழு மாதத்தில் பாதிக் கறுப்பு குறைந்தது. கோடு மட்டும் நிற்கிறது.

அக்கா மகளின் கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. கை இல்லாத சட்டைக்கு ஊர்த் தையல்காரி கை வைத்துக் கொடுத்தாள், கனடா மாமிக்கு அது கொஞ்சம் மனவருத்தம். பிள்ளை இப்போது மாத்திரை எடுக்கிறாள், பின்நேரம் கசூரினா கடற்கரைப் பக்கம் வேகமாக நடக்கிறாள், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. ஒரு வருஷத்தில் ஏழு கிலோ குறைந்தது, சீனி 97க்கு வந்தது. மாதம் ஒழுங்காகியது. சீட்டுக்கட்டுத் தழும்பு மங்கலாக இன்னும் தெரிகிறது. கழுத்துத்தான் முதலில் வெளுத்தது, அதற்கு யாரும் ஒன்றும் பூசவில்லை.

இரண்டு மாதச் சம்பளம் சேர்த்து வைத்திருந்த கொழும்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லையே. அவளுடைய கறுப்பு கொஞ்சம் மண்ணிறமாக, ஓரம் தெளிவாக, மெல்லிய செதில் செதிலாக இருந்தது. கழுத்து சுத்தம். எனக்குச் சந்தேகம் வந்து நுவரெலியாப் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அனுப்பினேன். பதுளை, கண்டி, இரத்தினபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு அங்கங்கேயும் தோல் கிளினிக் உண்டு. அறையை இருட்டாக்கி ஊதா விளக்கு ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். கக்கம் பவளம் மாதிரிச் சிவப்பாக மின்னியிருக்கிறது. ஈரமான இடத்தில் வளர்கிற ஒரு கிருமி அது, இருட்டில் அந்த விளக்குப் பட்டால் அப்படித்தான் மின்னும். பூசுகிற மருந்து இரண்டு கிழமைக்குக் கொடுத்தார்கள், காசு இல்லை.

"பஸ் காசு மட்டுந்தான் மிஸ்ஸி போச்சு" என்று சிரித்தாள். சேர்த்த காசு தம்பியின் டியூஷனுக்கு என்று வங்கிப் புத்தகத்தில் கிடக்கிறது.